வல்லாரையும் அம்மாவின் மறதியும்

மார்ச் மாசம் நெருங்கினா போதும், வல்லாரைக்கு ஒரு மவுசு வந்துடும். போன வாரம் ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் டீக்கடையில பிடிச்சுக்கிட்டார். "பையன் பன்னெண்டாவது. படிக்கிறதெல்லாம் மறந்து போகுதுங்கிறான். வல்லாரை மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? நீங்கதான் மலைக்காரராச்சே, உங்களுக்குத் தெரியாததா"ன்னு கேட்டார்.

நான் "வேணாம் சார்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டேன். அவர் முகம் சுருங்கிப் போச்சு. "இயற்கை மருந்தையே வேணாங்கிறீங்களே"ன்னு வருத்தப்பட்டார். அஞ்சு நிமிஷ டீ நேரத்துல சொல்லி முடிக்கிற விஷயமா அது? அவர்கிட்ட சொல்லாம விட்டதைத்தான் இங்கே எழுதறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் வல்லாரைக்கு விரோதி இல்லை. வல்லாரை தின்னு வளர்ந்த உடம்பு இது.

எங்கம்மா பிறந்தது இலங்கையில, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். 1964ல சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புறதா முடிவாச்சு இல்லையா, அந்தக் கணக்குல வந்தவங்க. 1973ல கல்யாணமான கையோட தலைமன்னார்ல கப்பலேறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல கொஞ்ச நாள் கிடந்து, கடைசியா கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தாங்க. அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. ஒரு தகரப் பெட்டியும் ரெண்டு பித்தளைக் குடமும்தான் சொத்து. கூடவே கொண்டு வந்தது வல்லாரைச் சம்பல்.

நம்ம ஊர்ல வல்லாரைன்னா துவையல், கூட்டு, சட்னி. வதக்காம யாரும் வாயில வைக்க மாட்டாங்க. இலங்கையில பச்சையாவே சாப்பிடுவாங்க. சிங்களத்துல கொட்டுகொல. பொடிப்பொடியா நறுக்கி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, எலுமிச்சம்புளி, இருந்தா கொஞ்சம் மாசி இடிச்சுப் போட்டுப் பிசைஞ்சா சம்பல் ரெடி. அங்கே காலையில சிவப்பரிசியோட தேங்காய்ப்பால் விட்டு இலைக்கஞ்சியும் வைப்பாங்க. அம்மா சம்பலை விடவே இல்லை. என்ன, நீலகிரியில மாசி கிடைக்காது, நெத்திலிக் கருவாட்டை வறுத்து இடிச்சுப் போடுவாங்க. :-)

எஸ்டேட்ல வல்லாரையை யாரும் விலைக்கு வாங்கினதில்லை. தேயிலைச் செடிக்கு நடுவுல வடிகால் ஓடும் பாருங்க, அந்த ஓரம். ஊத்துத் தண்ணி கசியற இடம். சில்வர் ஓக் நிழல். அங்கெல்லாம் தரையோட தரையா ஓடிக் கிடக்கும். நட்டு வைக்க வேண்டியதில்லை. தண்டு தரையில ஊர்ந்துக்கிட்டே போகும், ஒவ்வொரு கணுவுலயும் வேர் விடும், அங்கேயிருந்து நாலஞ்சு இலை நீளக் காம்போட எழும்பும். இலை மூத்திரக்காய் வடிவம், ஓரமெல்லாம் பல்லு பல்லா. சமஸ்கிருதத்துல மண்டூகபர்ணின்னு பேரு, தவளை இலைன்னு அர்த்தம். தவளை இருக்கிற ஈரத்துலதான் இதுவும் இருக்கும், பேர் பொருத்தம்தான். கொத்தமல்லி, கேரட் எல்லாம் இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். ஒரே குடும்பம். கசக்கி மோந்து பார்த்தா லேசா அந்த வாசனை தெரியும்.

ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சா இலை உள்ளங்கை அகலம் வந்துடும். சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு வரும்போது அம்மா மடியில ஒரு பிடி இருக்கும். "தின்னுடா தம்பி, கணக்கு மண்டையில நிக்கும்"னு ஊட்டுவாங்க. நான் பத்தாவதுல கணக்குல வாங்கினது 41. இதை வெச்சே வல்லாரை ஆராய்ச்சியை முடிச்சுடலாம்னு என் மனைவி சொல்றது வேற விஷயம்.

சரி, சிரிச்சது போதும். விஷயத்துக்கு வர்றேன்.

2019ல அம்மாவுக்கு மறதி ஆரம்பிச்சுது. அப்போ அவங்களுக்கு 67 வயசு. அடுப்புல பாலை வெச்சுட்டு வெளியே போயிடறது, ஒரே கேள்வியைப் பத்து நிமிஷத்துல மூணு தடவை கேட்கிறது, பக்கத்து வீட்டு அக்கா பேரையே மாத்திக் கூப்பிடறதுன்னு ஒண்ணொண்ணா. எனக்கும் அண்ணனுக்கும் உடனே தோணின மருந்து என்னன்னு நினைக்கிறீங்க? அதேதான். அண்ணன் நாட்டு மருந்துக் கடையில வல்லாரைச் சூரணம் வாங்கி வந்தார். காலையும் ராத்திரியும் தேன்ல குழைச்சுக் கொடுத்தோம். "வல்லாரை உண்டவனிடம் மல்லாடாதே"ன்னு பழமொழியே இருக்கே, அவ்வளவு நம்பிக்கை. நடுவுல நாலு நாள் நல்லாப் பேசினா "பாத்தியா, கேக்குது"ன்னு சந்தோஷப்படுவோம். திரும்ப மோசமானா "இன்னும் ஒரு மண்டலம் போகட்டும்"பார் அண்ணன். நானும் சரின்னுதான் சொன்னேன், பழியை அண்ணன் தலையில மட்டும் போட மாட்டேன்.

இப்படியே எட்டு மாசம். அதுக்கப்புறம் 2020 ஊரடங்கு வந்து மலையை விட்டு இறங்க முடியாம இன்னும் கொஞ்ச மாசம்.

கடைசியா கோயமுத்தூர்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்போ அவர் முதல்ல எழுதினது ரத்தப் பரிசோதனைதான். தைராய்டு சுத்தமாக் குறைஞ்சு கிடந்தது. வைட்டமின் பி12 அதைவிட மோசம். அம்மா பத்துப் பன்னெண்டு வருஷமா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறாங்க. அந்த மாத்திரையை ரொம்ப வருஷம் சாப்பிட்டா சிலருக்கு பி12 குறையும், அப்பப்போ டெஸ்ட் பண்ணிப் பார்க்கணுமாம். போதாக்குறைக்கு அப்பா போனதுலேர்ந்து அம்மா மீனும் முட்டையும் தொடறதில்லை. பி12ன்றது கீரையில கிடைக்கிற சமாசாரம் இல்லை. மூட்டை மூட்டையா வல்லாரை தின்னாலும் வராது.

தைராய்டு குறைஞ்சாலும் மறதி வரும், பி12 குறைஞ்சாலும் மறதி வரும். ரெண்டுமே மாத்திரை, ஊசியில சரி பண்ணக்கூடிய விஷயம், சீக்கிரம் கண்டுபிடிச்சா. எங்களைப் பார்த்து டாக்டர் திட்டக்கூட இல்லை. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்"னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தா தேவலை.

ஊசி போட ஆரம்பிச்சு ஆறு மாசத்துல அம்மா நிறைய தேறினாங்க. பேர் மாத்திக் கூப்பிடறது குறைஞ்சுது. ஆனா முழுசாத் திரும்பலை. விட்டுப்போன மிச்சம் வயசால வந்ததா, நாங்க தேன்ல குழைச்ச அந்த மாசங்களால வந்ததான்னு டாக்டராலயும் சொல்ல முடியலை. எனக்கு அந்தக் கேள்வி தினமும் வருது.

சூரணம் அம்மாவைக் கெடுக்கலை. அதுபாட்டுக்கு ஒரு கீரைப் பொடி. அது இருக்குங்கிற தைரியத்துல நாங்க டாக்டர்கிட்ட போகாம இருந்தோம் பாருங்க, அதுதான் கெடுத்தது. இதுதான் நான் சொல்ல வந்தது.

"அப்போ வல்லாரைக்கு ஞாபக சக்தி கிடையவே கிடையாதா?"ன்னு கேட்பீங்க. எலிகளை வெச்சுப் பண்ணின ஆய்வுகள்ல நல்லதா நிறைய சொல்லியிருக்காங்க. ஆனா மனுஷங்களை வெச்சுப் பண்ணின சோதனைகளையெல்லாம் ஒண்ணாச் சேர்த்து 2017ல ஒரு அலசல் வந்தது. ஞாபகம், கவனம் மாதிரி விஷயங்கள்ல வல்லாரை தனியா உதவுதுன்னு சொல்ற அளவுக்கு பலமான ஆதாரம் இல்லைன்னுதான் அதுல முடிச்சிருக்காங்க. மனசு கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கும், கோபம் தணியும்ங்கிற மாதிரி சில அறிகுறிகள் உண்டாம், அதுவும் சின்னச் சின்ன சோதனைகள்லேர்ந்து.

இதுல இன்னொரு குழப்பமும் இருக்கு. பிரம்மின்னு ஒரு செடி இருக்கே, நம்ம நீர்ப்பிரமி, அது வேற, வல்லாரை வேற. நீர்ப்பிரமி இலை சின்னதா, தடிப்பா, கரண்டி மாதிரி இருக்கும். கேரளாவுல பிரம்மின்னா அது. வடக்கே பல இடத்துல வல்லாரையையே பிரம்மின்னு விக்கிறாங்க. நீர்ப்பிரமிக்கு வந்த ஆய்வு முடிவை வல்லாரை டப்பா மேல ஒட்டறதும், வல்லாரைக்குச் சொன்னதை அதுக்குச் சொல்றதும் சகஜமா நடக்குது. டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு அந்தக் கடைக்காரருக்கே தெரியுமான்னு சந்தேகம்தான்.

வல்லாரைக்கு நிஜமாவே பேர் வாங்கிக் கொடுத்தது புண்ணு ஆத்தற வேலை. 1940கள்ல பிரெஞ்சுக்காரங்க இதுலேர்ந்து ஏசியாட்டிகோசைடுன்னு ஒரு பொருளைப் பிரிச்செடுத்து, மடகாஸ்கர்ல தொழுநோய்ப் புண்ணுக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்காங்க. இப்போ கொரியாக்காரங்க சிக்கா க்ரீம்னு முகத்துல பூசிக்கிறதும் இதே வல்லாரை சத்துதான். எங்கப்பா கவாத்துக் கத்தி கையில பட்டா நாலு இலையைக் கசக்கி வெச்சுக் கட்டிக்குவார். (நீங்க அப்படிப் பண்ணாதீங்க. கழுவிட்டு டாக்டர்கிட்ட போங்க, டெட்டனஸ்னு ஒண்ணு இருக்கு.)

இயற்கைன்னா பக்கவிளைவே கிடையாதுங்கிறதும் உண்மை இல்லை. 2005ல அர்ஜென்டினாவுலேர்ந்து ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. வல்லாரை மாத்திரையைச் சில வாரம் தொடர்ந்து சாப்பிட்ட மூணு பொம்பளைங்களுக்கு மஞ்சள் காமாலை வந்து, நிறுத்தினதும் சரியாச்சு. கோடிக்கணக்கான பேர் சாப்பிடற இலையில மூணு பேருக்குன்னா அபூர்வம்தான். ஆனா வாரம் ஒரு நாள் தட்டுல ஒரு பிடி கீரை திங்கறதும், அதையே காய்ச்சிச் சுண்ட வெச்சு மாத்திரையாக்கி தினம் ரெண்டு விழுங்கறதும் ஒண்ணு இல்லை.

அடுத்தது யாரும் பேசாத விஷயம். இந்த வல்லாரை எங்கேயிருந்து வருது?

வல்லாரை எங்கே ஈரம் இருக்கோ அங்கே வளரும். ஊத்துத் தண்ணியா, சாக்கடைத் தண்ணியான்னு பார்க்காது. மண்ணுலயும் தண்ணியிலயும் ஈயம் மாதிரி உலோகம் இருந்தா அதையும் உறிஞ்சி வெச்சுக்கும்னு மலேசியாவுல ஆய்வே பண்ணியிருக்காங்க. ஊருக்கு வெளியே கறுப்பாத் தண்ணி ஓடற வாய்க்கால் ஓரத்துல தளதளன்னு இருக்கேன்னு பறிச்சுட்டு வந்தா, தளதளப்போட மத்ததும் சேர்ந்து வரும். கட்டு பத்து ரூபாய்க்கு வாங்கும்போது "எந்த ஊர்த் தோட்டம்மா?"ன்னு கீரைக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சு போக மாட்டோம்.

மலையிலயாவது சுத்தமா இருக்கான்னா, அங்கே வேற கதை. நான் சின்னப் பையனா இருந்தப்போ எஸ்டேட்ல களை எடுக்கிறது கையாலயும் சுரண்டியாலயும்தான். பொம்பளைங்க வரிசையாக் குனிஞ்சு சுரண்டிக்கிட்டே வருவாங்க. வல்லாரை வந்தா மட்டும் சுரண்டி தானா ஒதுங்கிப் போகும், ராத்திரிக் கறிக்கு ஆச்சே! கங்காணியும் கண்டுக்க மாட்டார், அவர் வீட்டுக்கும் ஒரு பிடி போகும்.

1990கள் கடைசியில பச்சைத் தேயிலை விலை விழுந்தது. இளவட்டங்க எல்லாம் திருப்பூர், கோயமுத்தூர்னு இறங்கிட்டாங்க. ஆள் இல்லை, கூலி கட்டுப்படியாகலைன்னு தோட்டங்கள்ல களைக்கொல்லி தெளிக்கிறது அதிகமாச்சு. முதுகுல டேங்கை மாட்டிக்கிட்டு ஒருத்தர் ஒரு நாள்ல அடிக்கிற இடத்தைக் கையால எடுக்க ஒரு கூட்டமே வேணும். முதலாளி பக்கக் கணக்கும் எனக்குப் புரியுது. ஆனா அந்த மருந்துக்கு எது களை எது கறின்னு தெரியாது. வடிகால் ஓரமும் சேர்த்துத்தான் காயும்.

இலங்கையில 2015ல கிளைபோசேட்டைத் தடை பண்ணினாங்க. தேயிலையில களை தாங்க முடியலைன்னு சத்தம் போட்டு 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்திட்டாங்க. இந்தியாவுல அந்த மருந்துக்குத் தேயிலைத் தோட்டத்துல அடிக்க அனுமதியே உண்டு. பயிற்சி பெற்ற ஆளுங்க மூலமாத்தான் அடிக்கணும்னு 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஒரு அறிவிப்பு போட்டது. காகிதத்துல போட்டது மலை ஏறி வடிகால் ஓரம் வரைக்கும் வந்து சேரணுமே.

இதுல பெரிய ஆபத்து என்னன்னா, இந்த மருந்தை அடிச்ச அன்னிக்கு இலையில ஒண்ணும் தெரியாது. ஒரு வாரம், பத்து நாள் ஆனாத்தான் மஞ்சளடிக்கும். அதுவரைக்கும் பச்சைப் பசேல்னுதான் இருக்கும். வெளியூர்லேர்ந்து வந்து "ஆஹா, காட்டு வல்லாரை!"ன்னு பறிச்சுத் திங்கறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்.

போன வருஷம் அம்மாவைக் கூட்டிட்டு எஸ்டேட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பழைய லைன் வீட்டுக்குப் பின்னாடி வடிகால் ஓரத்துல ஒரு திட்டு வல்லாரை நல்லா வளர்ந்து கிடந்தது. ஆசையா குனிஞ்சு ஒரு பிடி பறிச்சேன். அம்மா அன்னிக்கு என்னைக் காலையிலேர்ந்து ரெண்டு தடவை அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாங்க. மண்டபத்துல யாரையும் அடையாளம் தெரியாம மலங்க மலங்க முழிச்சுக்கிட்டு இருந்தவங்க. என் கையைப் பார்த்ததும், "போட்டுடு தம்பி. மருந்தடிக்காத இடமான்னு கேட்டியா?"ன்னாங்க.

நான் கேட்கலை. போட்டுட்டேன்.

இப்போ நண்பருக்கு என் பதில். சார், பையனுக்கு வல்லாரை கொடுங்க, தாராளமா. வாரத்துல ஒரு நாள் துவையலா அரைச்சு, இட்லிக்குத் தொட்டுக்க. நல்ல கீரை, ருசியான கீரை. ஞாபகத்துக்குன்னு சொல்லிக் கொடுக்காதீங்க. பரீட்சைக்கு முன்னாடி ராத்திரி ஏழு மணி நேரம் தூங்க விடுங்க, அது எந்த மாத்திரையைவிடவும் வேலை செய்யும். டப்பா வாங்கற காசுல அவனுக்குக் கண் டெஸ்ட் பண்ணிப் பாருங்க, போர்டு தெரியாம உட்கார்ந்திருக்கிற பசங்க நிறைய.

அப்புறம், வீட்டுல பெரியவங்க யாருக்காவது மறதி ஆரம்பிச்சா "வயசானா அப்படித்தான்"னும் விடாதீங்க, பொடியைக் குழைச்சுக் கொடுத்துக்கிட்டு மண்டலக் கணக்கும் எண்ணாதீங்க. முதல் மாசமே டாக்டர்கிட்ட போங்க. தைராய்டு, பி12 ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்க. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறவங்கன்னா கண்டிப்பாச் சொல்லுங்க. அதுக்கப்புறம் வல்லாரைச் சம்பல் பிசைஞ்சு கொடுங்க. டாக்டரும் வேணாம்னு சொல்லப் போறதில்லை.

பி.கு. 1: வல்லாரை வளர்க்க மலை வேணாம். நிழல் விழற மாடியில அகலமான பழைய டப் ஒண்ணு போதும். வேரோட ரெண்டு கணு நட்டு, மண் காயாமப் பார்த்துக்கிட்டா ரெண்டு மூணு மாசத்துல டப் நிறைஞ்சுடும். என் வீட்டுல ரெண்டு டப் இருக்கு. நட்டது நான், தினம் தண்ணி ஊத்தறது அம்மா. சில நாள் மூணு தடவை ஊத்திடுவாங்க. வல்லாரைக்கு அது பிரச்சினையே இல்லை. :-)

பி.கு. 2: வல்லாரையில புளி சேர்த்தா சக்தி போயிடும்னு ஒரு நம்பிக்கை உண்டு. எங்க வீட்டுத் துவையல்ல புளி இல்லாம இருந்ததே இல்லை. என் 41 மார்க்குக்கு இதுதான் காரணம்னு அண்ணன் சொல்றார்.